பயன் கேட்காத காவல்

பினாங்கின் கொடிமலைக் காட்டில் மைங்காயா மலயானா என்றொரு சிறு மரம் வளர்கிறது. உலகில் அது இயல்பாக முளைத்து வளரும் இடங்கள் பினாங்கும் பேராக்கும் மட்டுமே. அதன் பேரினத்தில் வேறு இனம் கிடையாது. உடன்பிறந்தார் இல்லாத ஒற்றைப் பிள்ளை. மலாக்காவில் மருத்துவராக இருந்துகொண்டு மலாக்கா, சிங்கப்பூர், பினாங்கு என்று செடி சேகரித்த அலெக்சாண்டர் மைங்கே, 1869இல் ரங்கூன் சிறைக் கலவரத்தில் கொல்லப்பட்டார். நான்கு ஆண்டு கழித்து, லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் இருந்த டேனியல் ஆலிவர் அவர் பெயரையே அந்தப் பேரினத்துக்கு வைத்தார்.

டத்தோ கிராமாட் சாலைப் பக்கத்துக் காப்பிக்கடை மேசையில் இதைச் சொல்லிப் பாருங்கள். "அதனால நமக்கு என்னங்க பயன்?" என்ற கேள்வி உடனே வரும். காய் தின்னலாமா, பட்டை மருந்தாகுமா, பலகைக்காவது தேறுமா? கேட்பவர் மேல் குற்றமில்லை. பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இந்தத் தீவே பயன் பார்த்துத் திருத்தப்பட்ட தீவுதான். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பிறகு காட்டை அழித்து மிளகு போட்டார்கள். அதன்பின் கிராம்பும் ஜாதிக்காயும் மலைச்சரிவெங்கும் ஏறின. வெட்டிய மரங்களின் பெயரை யாரும் கேட்கவில்லை.

ஆனால் பயன் என்ற அந்த ஒற்றைக் கேள்வி ஒரு செடியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இந்துமாக்கடலில் ஒரு கதை இருக்கிறது. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மொரிஷியஸ் நாட்டைச் சேர்ந்தது ரொட்ரிகஸ் தீவு. மொரிஷியஸுக்குக் கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி, 108 சதுர கிலோமீட்டர் நிலம். பினாங்குத் தீவில் பாதிகூட இல்லை. அங்கே மட்டும் வளர்ந்த ஒரு குறுஞ்செடிக்குக் கஃபே மரோன் என்று பெயர். காப்பிச்செடியின் குடும்பம், வெள்ளைப் பூ. குடியேறியவர்கள் காட்டை வெட்டினார்கள், ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். செடி அற்றுப்போயிற்று என்று அறிவியலாளர்கள் முடிவுகட்டிப் பல பத்தாண்டுகள் ஓடின.

1979 வாக்கில் அந்தத் தீவின் பள்ளி ஆசிரியர் ஒருவர் அருகிப்போன உள்ளூர்ச் செடிகளின் படங்களை வகுப்பில் காட்டினார். ஒரு மாணவன், இது எங்கள் வீட்டுப் பக்கம் நிற்கிறதே என்று ஒரு கிளையைக் கொண்டுவந்தான். கியூவுக்கு அனுப்பிப் பார்த்தபோது அது கஃபே மரோனேதான். சாலையோரத்தில், ஆடு கடித்தும் பூச்சி அரித்தும் குறுகிப்போய் நின்ற ஒரே ஒரு செடி. உலகில் எஞ்சியது அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துவது. செய்தி பரவியதும் ஊர் அந்தச் செடியைத் தேடி வந்தது. குடித்த மறுநாள் தலைப்பாரத்துக்கும் பால்வினை நோய்க்கும் அது மருந்து என்று ஒரு நம்பிக்கை. வந்தவர்கள் இலை பறித்தார்கள், கிளை ஒடித்தார்கள். வேலி போட்டார்கள்; உள்ளே விலைமதிப்பான ஏதோ இருக்கிறது என்று வேலியே ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது. இன்னொரு வேலி போட்டார்கள். அதையும் தாண்டி வந்தார்கள். பெயரில்லாமல் கிடந்த வரைக்கும் ஆட்டிடமிருந்து மட்டும் தப்பினால் போதும் என்றிருந்த செடி, பயனுள்ளது என்று பெயரெடுத்த பிறகு மனிதனிடமிருந்தும் தப்ப வேண்டியதாயிற்று. ஒடித்தவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு கிளைதான் ஒடித்திருப்பார்கள்.

1986இல் சில துண்டுகளை நறுக்கி விமானத்தில் கியூவுக்கு அனுப்பினார்கள். அதில் வேர்விட்டது பிழைத்தது. அதிலிருந்து மேலும் துண்டுகள் நட்டார்கள். எல்லாம் ஒரே உடலின் நகல்கள். கண்ணாடி வீட்டில் பூவாகப் பூத்துத் தள்ளியும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. விதை வைக்காத செடியை எத்தனை தொட்டியில் பெருக்கினாலும் அது ஒரே உயிரின் ஆயுளை நீட்டிக்கிற வேலைதான். பதினேழு ஆண்டு இப்படியே போனது. கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் பூவைக் கூர்ந்து பார்த்தார். மகரந்தம் சூல்முடியில் விழுகிறது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. பிளேடால் சூல்முடியைச் சீவியெடுத்துவிட்டு, வெட்டுவாயிலேயே மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒரு பூவில் தோற்றால் அடுத்த பூ. அது உதிர்ந்தால் அடுத்தது. வெயில் சூடு கூடிய இடத்துக்குச் செடியை நகர்த்தியும் பார்த்தார். 2003இல் ஒரு காய் பிடித்தது. அந்த வழியில் வந்த விதைகள் பின்னாளில் ரொட்ரிகஸுக்கே திரும்பிப் போயின.

ஒடிப்பதற்கு ஒரு நொடி போதும், மீட்பதற்கு ஒரு மனிதனின் பணிக்காலமே தேவைப்படுகிறது. இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததல்ல. பினாங்கில் எத்தனையோ பெரிய மரங்கள் வெட்டுப்படாமல் நிற்பதற்குக் காரணம் அவற்றின் அடியில் உள்ள சிறு கோயில்கள். டத்தோ கோங் மாடத்தில் சீனர் ஊதுபத்தி ஏற்றுகிறார். சற்றுத் தள்ளி ஓர் அரசமரத்தடியில் நம்மவர் முனீஸ்வரருக்குச் சுருட்டு வைக்கிறார். இரண்டு மரத்தையும் தொடக் கோடரிக்காரர் தயங்குவார். அந்தத் தயக்கத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். பல சட்டங்களைவிட அது நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆனால் அது சாமி குடியிருக்கும் மரத்தோடு நின்றுவிடுகிறது. இடுப்பளவு உயரத்தில், நிழல்கூடத் தராமல், புதருக்குள் புதராக நிற்கும் செடிக்கு எந்தச் சாமியும் காவலில்லை. அதைத் தொடாதிருக்க அச்சம் உதவாது, அறம்தான் உதவ வேண்டும். கொல்லாமையைப் பேசும்போது நாம் ஆட்டையும் கோழியையும் நினைக்கிறோம். வள்ளலார் பயிர்வரை போனார். பயிராவது நமக்குச் சோறு போடும். ஒன்றும் தராத புதர்வரை நம் இரக்கம் போகுமா என்பதுதான் சோதனை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பவர்கள் நடக்கும் அதே சாலையில் மேலே போனால் பினாங்குத் தாவரவியல் தோட்டம். பழைய கருங்கல் குவாரி இருந்த பள்ளத்தாக்கில் 1884இல் அதை உருவாக்கத் தொடங்கியவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். அதற்கு முன் அவர் இங்கிலாந்தின் வீட்ச் நர்சரிக்காகக் காடுகாடாக அலைந்து செடி பிடுங்கி அனுப்பியவர். அந்தக் காலத்துப் பணக்காரர்களின் ஆர்க்கிட் மோகத்துக்குத் தீனி போட்டவர்களில் ஒருவர். அதே ஆள் இங்கே வந்து, இந்தத் தீவில் தானாக வளரும் செடிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி 1890களில் ஒரு பட்டியலாக வெளியிட்டார். காட்டுக்கும் அவரே பொறுப்பு. எடுத்தவன் காப்பவனாக மாறினான் என்று அழகாகச் சொல்லிவிடலாம்; உண்மையில் எடுக்கும் கண்தான் எண்ணும் கண்ணாகவும் ஆயிற்று. எது எங்கே எவ்வளவு நிற்கிறது என்று தெரியாமல் காவல் காக்க முடியாதே.

செடியை நேசிக்கிறேன் என்பவர்களிடமிருந்தும் செடிக்கு ஆபத்துண்டு. கொடிமலையில் பாறையோரம் வளரும் செருப்பு ஆர்க்கிட்டைப் பெயர்த்துக்கொண்டு வருபவரும் நேசத்தால்தான் வருகிறார். மலைக் குளிரிலும் இலைமக்கிலும் வாழ்ந்தது டத்தோ கிராமாட் அடுக்குமாடி வராந்தாவின் சிமெண்ட் சூட்டில் எத்தனை வாரம் தாங்கும்? அந்தப் பேரினம் முழுவதையும் காட்டிலிருந்து எடுத்து நாடுவிட்டு நாடு விற்பதைப் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸ் தடுத்திருக்கிறது. தடை இருந்தும் ஆசை இருக்கிறது. செடி வளர்க்கும் கை நமக்கு வேண்டும்தான். அதற்குத் துளசியும் கறிவேப்பிலையும் நர்சரியில் முளைத்த ஆர்க்கிட்டும் போதும். வேண்டாமென்று தூக்கியெறியும் அலங்காரச் செடியை மலையடிவாரத்தில் கொட்டாமல் இருப்பதும் இதில் சேரும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கிளிடேமியா இந்நாட்டுக் காட்டோரங்களில் எப்படி மண்டிக் கிடக்கிறது என்பதை மலைப்பாதையில் நடப்பவர்கள் பார்த்திருப்பார்கள்.

2021 செப்டம்பரில் யுனெஸ்கோ பினாங்குக் கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது: தாவரவியல் தோட்டமும் தேசியப் பூங்காவும் சேர்த்து 12,481 ஹெக்டேர். பெருமைதான். ஆனால் ரொட்ரிகஸில் போட்ட வேலியைப்போல, அறிவிப்பும் பார்க்க வருபவர்களைக் கூட்டும். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு கிளை ஒடித்தால் என்ன ஆகும் என்று கஃபே மரோன் காட்டிவிட்டது. மலைக்குப் போகும் பிள்ளைகளிடம் செடியின் பெயரைச் சொல்லிக்கொடுங்கள், பறிக்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள். சந்தையில் யாராவது அரிய செடி என்று ஒன்றை நீட்டினால், இது நர்சரியில் முளைத்ததா, மலையிலிருந்து வந்ததா என்று விற்பவரைக் கேளுங்கள். நேரான பதில் வரவில்லையென்றால் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.