கூலியற்ற உழைப்பும் சுதந்திர உழைப்பும்

1848ஆம் ஆண்டு மாத்தளை மக்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சிக்கு வித்திட்டவற்றுள் ஒன்று வீதிச் சட்டம். 18 முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது 3 சிலிங் செலுத்த வேண்டும் என்றது அச்சட்டம். கோப்பித் தோட்டத் துரைமாருக்குப் பயன்படும் பாதைகளைத் தம் வியர்வையால் அமைக்க மக்கள் விரும்பவில்லை. கிளர்ச்சி நசுக்கப்பட்டது; புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்று அதே மாவட்டத்தில், லக்கலைப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஆறு பெருகினால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நோயாளிக்கு வைத்தியசாலை இல்லை. தொண்டர்கள் அங்கு சென்று, ஊராரோடு சேர்ந்து நடைபாலம் அமைக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அங்கும் கல் சுமக்கப்படுகிறது. அங்கும் கூலி இல்லை. முன்னதைக் கொடுமை என்கிறோம். பின்னதைச் சிரமதானம் என்று போற்றுகிறோம். இரண்டையும் பிரிக்கும் கோடு எது?

மனமுவந்து செய்வதே வேறுபாடு என்று உடனே விடை கூறிவிடலாம். அவ்விடை போதாது. விடுமுறையில் வரும் ஆசிரியருக்குச் சம்பளம் குறைவதில்லை. நாட்கூலிக்குப் போகும் ஏழைக்கோ ஒருநாள் சிரமதானம் ஒருநாள் உணவு. ஊரே திரளும்போது அவர் வராதிருக்க முடியுமா? விருப்பும் நிர்ப்பந்தமும் இங்கே கலந்தே கிடக்கின்றன.

1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவருடன், சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த கனத்தொலுவ கிராமத்துக்குச் சென்றார். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கே தொடங்கிற்று. ஒதுக்கப்பட்டோருடன் சேர்ந்து வாழ்ந்து உழைத்தமையே அம்முகாமின் பெருமை. நாம் தேடும் கோடும் அதன் அருகில்தான் இருக்கிறது.

பாலம் எவ்விடத்தில் அமைய வேண்டும், வேலையை எப்போது தொடங்க வேண்டும் என்பவற்றை ஊரார் தீர்மானிக்கிறார்களா? அன்றைய கூலியை இழப்பவரின் வீட்டுக்கும் பொதுச் சமையலில் பங்குண்டா? கம்பிவடம் தளர்ந்தால் இறுக்கும் வித்தை அவர்கள் கையில் தங்குமா? ஆம் எனில் அது சுதந்திர உழைப்பு. தீர்மானம் வெளியாரிடமும் சுமை ஊராரிடமும் இருக்குமானால், அது 1848இன் புதிய உருவமே.

இன்னோர் ஆபத்தும் உண்டு. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டுப் பாலங்களை அடித்துச் சென்றபோது தொண்டர்களின் கைகள் தேவைப்பட்டன. ஆனால், வரி செலுத்தும் மக்கள் பாலம் கேட்பது யாசகம் ஆகாது. அஃது அவர்கள் உரிமை. நம் தொண்டு அரசு தன் கடமையைத் தட்டிக்கழிக்கச் சாக்காகிவிடக் கூடாது.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, மண்வெட்டியுடன் செல்வோம். பாலம் முடிந்த மாலையில் அதைக் கழுவி வைத்துவிட்டு, ஊராருடன் அமர்ந்து, அரசிடம் அவர்கள் கொடுக்க வேண்டிய மனுவையும் எழுதுவோம்.