காற்று கொண்டுவந்த சரக்கு யாருக்கு?

வேறு ஊருக்குப் போகவேண்டிய கப்பல் காற்றில் சிக்கி நம் கரையில் வந்து ஒதுங்கினால், அதிலுள்ள சரக்கு யாருடையது? வட கேரளத்து எழிமலைக்காரர்களுக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சொல்கிறார். தங்கள் துறையைத் தேடி வரும் கப்பலை மரியாதையோடு வரவேற்பார்களாம். வழிதவறி வந்த கப்பல் என்றால், கடவுளே அதை அனுப்பிவைத்தார் என்று சொல்லி மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார்களாம். அதைப் பாவமாகவும் அவர்கள் நினைக்கவில்லை.

கொள்ளை என்று ஒரே வார்த்தையில் இதைத் தள்ளிவிடலாம். ஆனால் இந்த வாதத்துக்குள் பக்தியும் இருக்கிறது, சங்கடமே அங்குதான். புயலை அனுப்புவது இறைவன் என்றுதான் கப்பலில் இருந்தவனும் நம்பினான். அவனும் ஏதாவது ஒரு தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டுதான் பாய் விரித்திருப்பான். கரையில் நின்றவன் அதே நம்பிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான், அவ்வளவுதான். ஐரோப்பாவிலும் இதே வழக்கம் இருந்தது. கப்பல் உடைந்து தவிப்பவர்களிடம் பறிக்கும் கிறிஸ்தவர்களைத் திருச்சபையை விட்டு விலக்க, 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் தனியாக விதி எழுதவேண்டி வந்தது.

எழிமலைக்குத் தெற்கே கோழிக்கோட்டில் நியாயம் வேறாக இருந்தது.

அந்த ஊரைத் துறைமுகம் என்று அழைப்பதே ஒரு மரியாதைக்குத்தான். காற்றைத் தடுக்க மலைமுனை கிடையாது. பெரிய கப்பல் நுழைய ஆழமான கழிமுகமும் கிடையாது. கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் போட, மிளகும் இஞ்சியும் படகுகளில் போய்ச் சேர்ந்தன. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்தால் வேலை நின்றுபோகும். இப்படிப்பட்ட திறந்த கரைக்குச் சீனாவிலிருந்தும் ஏமனிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஏன் வணிகர்கள் வந்தார்கள்? பயணி இப்னு பதூதா ஒரு காரணம் சொல்கிறார்: மலபாரில் மற்ற இடங்களில் உடைந்த கப்பலின் பொருள் அரசனின் கருவூலத்துக்குப் போகும், இங்கே மட்டும் உரியவருக்கே திரும்பும். ஊர் செழித்தது அதனால்தான்.

அவர் காதால் கேட்டு எழுதியது மட்டுமல்ல இது. 1340களில், தில்லி சுல்தான் முகமது பின் துக்ளக் சீனப் பேரரசருக்கு அனுப்பிய பரிசுகளோடு அவர் கோழிக்கோட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கிவிட, பரிசுகளை ஏற்றிய சீனக் கப்பல் புயலில் நொறுங்கியது. உடல்கள் ஒதுங்கிய கரைக்குக் கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி வந்து நின்றார். இடுப்பில் வெள்ளைத் துணி, தலையில் சிறிய தலைப்பாகை, காலில் செருப்பில்லை. ஒருவன் குடை பிடிக்க, எதிரே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒதுங்கிய பொருளைப் பொறுக்க வந்த கூட்டத்தைக் காவலர்கள் அடித்து விரட்டினார்கள். பெரிய தத்துவம் எதுவும் அங்கே பேசப்படவில்லை. அடுத்தவன் பொருளில் யாரும் கை வைக்கக்கூடாது, அவ்வளவே.

அந்த நாணயம் அன்றாட வேலையிலும் இருந்தது. 1442இல் ஹெராத்தின் ஷாருக் மன்னருடைய தூதராக வந்த அப்துர் ரசாக், வணிகர்கள் சரக்கைக் கடைத்தெருவில் இறக்கிவிட்டுக் கவலையின்றி இருப்பதைப் பார்த்து வியந்தார். சுங்க அதிகாரிகளே இரவும் பகலும் காவல் காத்தார்கள். விற்றால் நாற்பதில் ஒரு பங்கு வரி, விற்காவிட்டால் ஒன்றுமில்லை. சீனக் கப்பல்களோடு வந்த மா ஹுவான் பேரம் நடந்த விதத்தைச் சொல்கிறார்: அதிகாரிகளும் தரகரும் செட்டியும் கைகோத்து விலையை முடித்துவிட்டால், பிறகு சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்த விலைதான்.

ஆதாயம் தரும் நீதி நீதியாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறைக்குக் காகதீய மன்னர் கணபதிதேவர் 1244இல் தந்த அபய சாசனம் இதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறது. முந்தைய அரசர்கள் புயலில் உடைந்த கப்பல்களின் பொன், யானை, குதிரை எல்லாவற்றையும் பறித்தார்கள். தாம் முறையான சுங்கத்தைத் தவிர எதையும் தொடப்போவதில்லை என்கிறார். காரணங்களாக அவர் அடுக்குவது, உயிரைப் பணயம் வைத்துக் கடலேறுபவர்கள் மேல் இரக்கம், தம் கீர்த்தி, தர்மம். மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. கலந்த நோக்கம்தான், ஒப்புக்கொள்ளலாம். கரையில் உயிரோடு ஒதுங்கிய வணிகனுக்கு அதனால் என்ன குறை? காற்றின் உள்நோக்கம் தனக்குத் தெரியும் என்று சொல்லாத அரசனைத்தான் இங்கே பக்திமான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கடவுள் பெயரில் உரிமை கேட்பவர்கள் பிறகும் வந்தார்கள். 1502இல் கோழிக்கோட்டுக்குத் திரும்பி வந்த வாஸ்கோ ட காமா, முஸ்லிம் வணிகர்களை ஊரை விட்டு அனுப்பச் சொன்னார், சாமூதிரி மறுத்தார், பீரங்கிகள் முழங்கின. அதே ஊரின் குற்றிச்சிறையில் ஒரு கப்பல் வணிகர் கட்டிய மிஷ்கால் பள்ளிவாசலுக்கு 1510இல் போர்த்துகீசியர் தீ வைத்தார்கள். கடல் எல்லாருக்கும் பொது என்ற சட்டம் கிறிஸ்துவின் நெறிக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பொருந்தாது என்று அவர்களுடைய வரலாற்றாசிரியர் பாரோஸ் எழுதினார். எழிமலை வாதமேதான்; இந்த முறை கரைக்கு மட்டுமல்ல, கடல் முழுவதற்கும்.

இன்று கேள்வி தலைகீழாகியிருக்கிறது. 2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 சரக்குப் பெட்டகங்களோடு மூழ்கியது. கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் பெட்டகங்களும் மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் குருணையும் ஒதுங்கின. யாரும் கிட்டே போகவேண்டாம் என்று அரசு எச்சரித்தது. கப்பல் மூழ்கிய பகுதியில் மீன்பிடிக்கவும் தடை வந்தது. ஒதுங்கிய சரக்கு உரியவருக்கே என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை. வழக்கு, அந்தச் சரக்கு செய்த கேட்டுக்கு யார் பொறுப்பு என்பதில்தான். கேரள அரசு உயர் நீதிமன்றத்தில் கேட்ட இழப்பீடு 9,531 கோடி ரூபாய்.