அறக்கட்டளையின் கையிருப்பு

உதவி கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, வங்கியில் வைப்புத்தொகை வைத்திருக்கும் தொண்டு நிறுவனம் சரியாகத்தான் நடந்துகொள்கிறதா என்பது பழைய சங்கடம். பெரிய நிறுவனத்தில் இது கணக்காளரின் கவலை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறு நிறுவனத்திலோ மனச்சாட்சியை உறுத்தும்.

முஸ்லிம்கள் கணிசமாக வாழும் மைசூரு மண்டி மொஹல்லா போன்ற பகுதிகளில் இதற்கு இரண்டு மரபான விடைகள் உண்டு. சேமிப்பில் இரண்டரை விழுக்காடாகக் கணக்கிடும் கட்டாயக் கொடையான ஜகாத், உரியவர் கைக்குத் தாமதமின்றிப் போக வேண்டும் என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. அறத்துக்கென நிலையாக ஒதுக்கிய சொத்தான வக்ஃபில் மூலத்தைத் தொடக் கூடாது. வாடகையும் விளைச்சலுமே செலவுக்கு. ஒரே நெறி இரண்டையும் அறமாக ஏற்கிறது. எனவே கொடுத்தவர் என்ன எண்ணிக் கொடுத்தார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஏழைக்கு உடனே சேரட்டும் என்று வந்த பணத்தை வைப்பில் போடுவது, எவ்வளவு நல்ல நோக்கமானாலும், நம்பிக்கை மோசடிதான்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளைகளுக்கு விதித்த கணக்கு வேறு: வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், 15 விழுக்காட்டை நிபந்தனையின்றி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒதுக்க நோக்கத்தை எழுதி அறிவிக்க வேண்டும். அதைச் செலவிடக் கெடு 5 ஆண்டு. 20 லட்சத்தில் 15 விழுக்காடு 3 லட்சம், ஏறத்தாழ இரண்டு மாதச் செலவு. 2020 ஊரடங்கில் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் கணிசமான பங்கு பிரதமரின் நிவாரண நிதியான பிஎம் கேர்ஸ் பக்கம் போனபோது, இரண்டு மாத இருப்பு எவ்வளவு சொற்பம் என்பது பலருக்கு விளங்கியது.

இருப்பே இல்லாமல் நடத்துவதைத் தியாகமென்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அந்தத் தியாகத்தைச் செய்பவர்கள் அறங்காவலர்கள் அல்லர்: சம்பளம் நின்ற ஆயாவும், விடுதியிலிருந்து நடு ஆண்டில் அனுப்பப்பட்ட பிள்ளையும்தான். புதிதாக வருபவருக்கு இல்லையென்பது வருத்தம். ஏற்றுக்கொண்டவரைப் பாதியில் கைவிடுவது வாக்குத் தவறுதல். ஏற்ற கடமைகளை முடித்துத் தரும் அளவுக்கு இருப்பு வேண்டும் என்பது இதனால்தான்.

அந்த அளவைத் தாண்டிய பணம் யாருக்காக என்று கேட்க வேண்டியிருக்கும். வைப்புத்தொகையைக் காட்டாமல் 'கஜானா காலி' என்று கொடை கேட்பது பச்சைப் பொய். தொகை எவ்வளவு, எந்த நெருக்கடியில் எடுக்கலாம், யார் ஒப்பினால் எடுக்கலாம் என்பதைக் கூட்டக் குறிப்பில் முன்கூட்டியே எழுதி, ஆண்டறிக்கையில் கொடையாளருக்கும் ஊழியருக்கும் தெரியும்படி அச்சிடுவது அறங்காவலர் கடமை.