சாயம் ஏறாத வெள்ளை



யாத்திராகமம் 28-ம் அதிகாரத்திலே, இஸ்ரவேல் புத்திரரின் பெயர்களை இரண்டு கோமேதகக் கற்களில் வெட்டி ஆரோனின் தோள்மேல் வைக்கச் சொன்னார் கர்த்தர். ஆங்கில வேதாகமத்தில் அது ஓனிக்ஸ். (நகைக்கடை கோமேதகம் வேறு கல்.)

ஓனிக்ஸ், அகேட் எல்லாம் ஒரே ஜாதி வரிக்கல். எரிமலைக் குழம்பு ஆறிய பாறையின் பொந்துகளிலே சிலிக்கா கலந்த நீர் புகுந்து, அடுக்கடுக்காய்ப் படிந்தது அகேட். சுத்த சிலிக்காவுக்கு நிறமே கிடையாது. கூட வந்த இரும்புதான் சிவப்பும் மஞ்சளும் பழுப்பும். நாம் துரு என்று சுரண்டிப் போடுகிறோமே, அதே இரும்பு!

குஜராத்தின் கம்பாத்திலே மங்கின கற்களை வெயிலில் காயவைத்து, மண்சட்டியில் வைத்துச் சுடுகிறார்கள். மஞ்சள் இரும்பிலுள்ள நீர் பிரிந்து கல் சிவக்கிறது. வெளியேயிருந்து ஒன்றும் போடவில்லை. ஜெர்மனியின் ஈடார்-ஓபர்ஸ்டைன் ஊரிலோ 19-ம் நூற்றாண்டிலே சாயத்தொழில் பெருகிற்று. கல்லைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு கந்தக அமிலத்தில் போடுவார்கள். உள்ளே போன சர்க்கரை கரியாகி, கல் கறுத்துப்போகும். இன்று விற்கிற கறுப்பு ஓனிக்ஸ் பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் நெருக்கமாய் இறுகின வெள்ளை அடுக்கிலே சாயம் ஏறுவதில்லை.

சாயம் போட்டு விற்பது பொய்யா? சொல்லி விற்றால் பொய்யில்லை என்பேன். "வாங்குறவன் கேட்கலியே" என்பார்கள். அவன் கேட்காதது நமக்குச் சாக்காகுமா? சுட்ட கல்லை நான் வேறாகத்தான் நினைக்கிறேன், உள்ளே இருந்ததுதானே வெளியே வந்தது. ஆனாலும் அதையும் சொல்லித்தான் விற்கணும்.

இதை எழுதும்போது என் சாட்சியே என்னைக் குத்துகிறது. காய்ச்சல் சுகமானதை முதலில் 4 நாள் என்றுதான் சொன்னேன். ஜனங்கள் அல்லேலூயா சொல்லச் சொல்ல அது 10 நாளாயிற்று. அப்புறம் டாக்டர் கைவிட்டார் என்றும் சேர்த்தேன். அவர் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார், அவ்வளவுதான். தேவ மகிமைக்குத்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் செய்ததற்கு என் சர்க்கரைத் தண்ணி எதுக்கு?

போன ஞாயிறு சாட்சி வேளையில் எழுந்து, "4 நாள் காய்ச்சல்தான், டாக்டர் கைவிடவில்லை" என்றேன். ஒருத்தரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஆராதனை முடிந்தபின் ஒரு வயதான அம்மா வாசலில் நிறுத்தி, "எனக்கும் சின்னதாத்தான் செஞ்சார் ஐயா, சொல்லக் கூச்சப்பட்டுட்டிருந்தேன்" என்றார்கள்.