கூர் ஒடிந்த தூண்டில்

பிடித்த மீனை உயிருடன் ஆற்றில் விட்டுவிட்டால், அதற்கு நாம் தீங்கேதும் செய்யவில்லை என்று கூறிவிட இயலுமா?

அமெரிக்காவின் ஓரிகான் மாநில மலைக்காடுகளினூடே வடக்கு அம்ப்குவா என்னும் ஆறு ஓடுகிறது. ஸ்டீல்ஹெட் என்னும் மீனை நாடி அங்கே தூண்டிற்காரர்கள் வருகின்றனர். ட்ரவுட் இனத்தைச் சேர்ந்த இம்மீன் ஆற்றில் பிறந்து, பசிபிக் பெருங்கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. கோடையில் வந்து சேரும் மீன்கள் குளிர்ந்த மடுக்களில் மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. அந்நாள்களில் அவை பெரும்பாலும் இரை கொள்வதில்லை. உடலில் சேர்த்து வைத்த வலுவே அவற்றின் கட்டுச்சோறு.

இறகும் நூலும் கொண்டு பூச்சிபோல் செய்த தூண்டிலால் இம்மீனைப் பிடித்து, அதனோடு போராடிக் கரை சேர்த்து, பின் விட்டுவிடுகின்றனர். உயிரைத் திருப்பித் தந்தோம் என்று மனம் அமைதி கொள்கிறது. போராட்டத்தில் செலவான வலுவை யார் திருப்பித் தருவது? பசிக்காகப் பிடிப்பவரை இவ்வினா சுடாது. இன்பத்திற்காகப் பிடிப்பவரையே சுடும்.

லீ ஸ்பென்சர் என்பார் தம் தூண்டிலின் கூர்முனையை நீக்கிவிட்டு மீன்பிடித்தார். மீன் வந்து கவ்வும். அந்த அதிர்வு நூல்வழியே கைக்கு எட்டும். மீன் தன் வழியே செல்லும். அதே ஆற்றின் கிளையான ஸ்டீம்போட் ஓடையில், மீன்கள் ஒதுங்கும் மடுவொன்றின் கரையில் பல ஆண்டுகள் தங்கிக் காவல் இருந்தவரும் இவரே.

அவர் இழந்தது என்ன? மீனைக் கையில் ஏந்தும் பெருமிதம் ஒன்றே. மலையும் நீரும் காத்திருத்தலும் அவருக்குக் குறையவில்லை. நம் இன்பங்களிலும் பிறரைக் குத்தும் கூர்முனை எது என்று தேடிப் பார்த்தால், அதை ஒடித்த பின்னும் இன்பம் எஞ்சியிருப்பதைக் காண்போம் அன்றோ?