சாமிக்கு எந்த எழுத்து?

நெற்றியில் திருநீறோடு வகுப்புக்குள் போய் அறிவியல் நடத்தலாமா என்று என்னைக் கேட்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். பகுத்தறிவு பேசும் சக ஆசிரியர்கள், நம்பிக்கையை வீட்டோடு விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். கோவிலில் பார்க்கும் சொந்தக்காரர்களோ, "எதையும் கேள்வி கேளுன்னு சொல்லிக் குடுத்தா நாளைக்குப் புள்ளைக சாமி கும்பிடுமா?" என்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவளும் நான்தான். இரண்டு தரப்பும் கவலைப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குக் கவலைப்படுகின்றன என்பது என் எண்ணம். வகுப்பறையில் முதலில் தீர வேண்டிய கேள்வி இது: ஒன்றை ‘எனக்குத் தெரியும்’ என்று எப்போது சொல்லலாம்?

இதை நம் முன்னோர்கள் வெகு கவனமாக யோசித்திருக்கிறார்கள். வஞ்சி நகரத்தில் சமயவாதிகளைத் தேடிப்போகும் மணிமேகலை முதலில் சந்திப்பது அளவைவாதியை. ஒன்றை அறிவதற்கான அளவைகள் பத்து என்று அவர் அவளுக்குக் கணக்குச் சொல்கிறார். பிறகு காஞ்சியில் அறவண அடிகள் பௌத்த தருக்கத்தைச் சொல்லும்போது காண்டல் (நேரில் பார்ப்பது), கருதல் (பார்த்ததை வைத்து ஊகிப்பது) என இரண்டே போதும் என்கிறார். சைவ நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை (அறிந்தவர் சொல்வது) என்ற மூன்றுக்குள் அடக்கினார். பத்தா, இரண்டா, மூன்றா என்பதில் அவர்களுக்குள் வழக்கு உண்டு. ஆனால் எந்த அளவையால் ஒன்றை அறிந்தோம் என்று சொல்லியாக வேண்டும் என்பதில் வழக்கே இல்லை. பக்தி நூல்களையும் தருக்க நூல்களையும் ஒரே கையால் எழுதிய மரபு இது.

சைவக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் மூன்று என்ற கணக்கு எனக்கு ஒத்துவருகிறது. உரை இல்லாமல் பள்ளிக்கூடம் நடக்காது. அணுவை நான் பார்த்ததில்லை, இதயத்தின் நான்கு அறைகளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். யாரோ பார்த்து, சோதித்து, எழுதிவைத்ததைத்தான் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் குற்றமில்லை. கேட்டதைக் கண்டதுபோலப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுவதுதான் குற்றம்.

அதனால் என் வகுப்பில் பிள்ளைகள் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஓர் எழுத்துப் போடுவார்கள். பார்த்தது என்றால் ‘பா’. பார்த்ததை வைத்து யோசித்தது என்றால் ‘யோ’. டீச்சரோ புத்தகமோ சொன்னது என்றால் ‘சொ’. அறிவியல் பாடத்துக்குள் போக எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வாசல் கிடையாது. தூங்கி வழிகிற பையன்கூட ‘பா’வா ‘யோ’வா என்ற சண்டை வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான்.

எல்லாப் பள்ளிக்கூடத்திலும் செய்துகாட்டும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். தட்டில் கொஞ்சம் நீல மை கலந்த தண்ணீர். நடுவில் மெழுகுவத்தி. கொளுத்திவிட்டு மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால், சற்று நேரத்தில் சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். இதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விளக்கம் ஒன்று இருக்கிறது: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்துபோனதால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது. கேட்க அழகான விளக்கம். நானோ இந்தச் சோதனையைச் செய்யும்போது வாயைத் திறப்பதில்லை. பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்று விட்டுவிடுவேன்.

முதல் தடவை ‘சுடர் அணைந்தது, தண்ணீர் ஏறியது’ என்று இரண்டு வரி வரும். திரும்பச் செய்வோம். யாராவது ஒரு பிள்ளை, டம்ளரின் விளிம்பில் குமிழி வெளியேறியதைப் பார்த்திருக்கும். இன்னொரு தடவை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், எரியறப்ப தண்ணி ஏறவே இல்ல. அணைஞ்ச பெறகுதான் சரசரன்னு ஏறுது."

வகுப்பே தட்டைச் சுற்றிக் குனிந்தது. அவன் சொன்னது சரி. ஆக்சிஜன் எரிந்து தீர்வதால் ஏறுகிறது என்றால், எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா ஏற வேண்டும்? மூன்று மெழுகுவத்தியை வைத்துப் பார்க்கலாம் என்றாள் ஒரு பெண். வைத்தோம். அதே டம்ளர், உள்ளே அதே அளவு ஆக்சிஜன், ஆனால் தண்ணீர் முன்னைவிட உயரத்துக்கு ஏறியது. அரை மணி நேரம் வாதாடி அவர்களே வந்து சேர்ந்தார்கள்: சுடரின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் குமிழியாக வெளியே போகிறது, அணைந்ததும் உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. எரியும்போது ஆக்சிஜன் செலவாவது உண்மைதான். ஆனால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன, ஆக்சிஜன் முழுக்கத் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்தும் விடுகிறது. இந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் பிள்ளைகள் ஒழுங்காக ‘சொ’ போட்டுக்கொண்டார்கள். அதை நான்தான் சொன்னேன்.

அந்தப் பழைய விளக்கத்தைச் சொல்லிவந்தவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. காட்சி சரியாக இருந்தும் கருதல் தவறிவிட்டது. தவறியதைக் கண்டுபிடிக்க வழி, திரும்பவும் தட்டின் பக்கத்தில் போய் உட்கார்வது மட்டுமே.

இதைவிட ஆழமான இடம் ஒன்று உண்டு. ‘நடுமத்தியானம் சூரியன் நேர் உச்சியில் இருக்கும்’ என்று எழுதினால் எல்லாப் பிள்ளைகளும் ‘பா’ போடுவார்கள், பெரியவர்களும்தான். மைதானத்தில் ஒரு மீட்டர் கம்பை நட்டுப் பாருங்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எங்கள் ஊரில் நண்பகலிலும் நிழல் ஏறக்குறைய 67 சென்டிமீட்டர் நீளத்துக்கு வடக்கே விழுகிறது. ஜூன் கடைசியில் அதே நிழல் தெற்கே விழுகிறது. கம்பு நிழலே இல்லாமல் நிற்பது வருடத்தில் இரண்டே சமயம்: ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும். அப்போதும் கடிகாரம் சரியாக 12 காட்டாது, ஆகஸ்டில் 12.20 ஆகிவிடும். ஆக, பார்த்தோம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தது ஊர் சொல்லக் கேட்டது. கேட்டதைக் கண்டதாக மனம் தானே மாற்றி எழுதிக்கொள்கிறது. மாயை என்று பெரியவர்கள் சொன்னதில் இதுவும் ஒரு பங்கு என்றே எனக்குப் படுகிறது.

2019 டிசம்பர் 26 அன்று காலை ஒன்பதரை மணியையொட்டி எங்கள் பகுதியில் கங்கணச் சூரிய கிரகணம். அரையாண்டு விடுமுறை. கோவில் நடை சாத்தியிருந்தது. பள்ளி மைதானத்தில் சூரியக் கண்ணாடிகளோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். என் கண்ணோ வேப்பமரத்தடியில் இருந்தது. இலை இடுக்கு வழியாகத் தரையில் விழுகிற வெளிச்சப் பொட்டுகள் முதலில் பிறையாகி, பிறகு நூற்றுக்கணக்கான வளையல்களாக மண்ணில் கிடந்தன. அந்தப் பொட்டுகள் தினமும் வட்டமாக விழுவதும் சூரியனின் பிம்பம்தான் என்று அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு உறைத்தது. ஒரு பாட்டி வந்து கண்ணாடியை வாங்கிப் பார்த்தார், தரையையும் பார்த்தார், வீட்டுக்குப் போய்த் தலை முழுகினார். அதில் எனக்கு முரண் தெரியவில்லை.

கிரகண நேரத்தில் பிள்ளைகளைச் சாப்பிடவைத்துக் காட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அன்று நான் நடத்த வேண்டியது நிழல் பாடம், வீட்டோடு வழக்காடும் பாடமில்லை. ஆனால் ஒன்றில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. கர்ப்பிணிப் பெண்ணைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் மணிக்கணக்காக அறைக்குள் பூட்டிவைப்பது கொடுமை. கிரகண ஒளியால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு தீங்கும் இல்லை. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்த்தால்தான் கண் கெடும். இதைத் திருநீறு பூசிய நெற்றியோடு நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். என் நெற்றியைப் பார்த்துத்தான் சிலர் கதவைத் திறந்தார்கள்.

ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், சாமிக்கு எந்த எழுத்து?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த வகுப்பில் மசூதிக்குப் போகிற பிள்ளையும் உண்டு, சர்ச்சுக்குப் போகிற பிள்ளையும் உண்டு. நான் சொன்ன பதில்: "இந்த மூணு எழுத்தும், யார் வந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியறதுக்குப் போடுற எழுத்துமா. கம்பு நிழல் உனக்கும் அவனுக்கும் ஒரே நீளம். சாமியை நான் கும்பிடுறேன், அது என் வாழ்க்கை. அதுக்கு உன் நோட்டுல ‘பா’ போடுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. அடிச்சுடுன்னு சொல்லவும் உரிமை இல்ல."

இன்றைக்கும் இதே பதிலைத்தான் சொல்வேன். பிள்ளை கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டால் சாமி காணாமல் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் சாமியை மிகச் சிறியதாக நினைக்கிறார்கள். புத்தகத்தில் இருக்கிறது, நம்பு என்று அறிவியலை நடத்துகிறவர்களோ அதையே இன்னொரு வேதமாக்கிவிடுகிறார்கள். நம்பிப் பழகிய அந்தப் பிள்ளை நாளைக்குக் கைப்பேசியில் வருகிற எந்த வைத்தியத்தையும் அதே பணிவோடு நம்பும்.

நேரம் எங்கே, தேர்வு இருக்கிறதே என்பார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகள் சோதனை செய்து தாங்களே பாடத்தைக் கண்டடைய வேண்டும், தேர்வில் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம். அரசுப் பள்ளிகளில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டே 30 ஆண்டுகள் அது நடந்தது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது பெரிய இழப்பு.

அவ்வளவு பெரிய திட்டம் நம் கையில் இல்லாமல் இருக்கலாம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்ய ஒரு பென்சில் போதும். சக ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: நாளைய பாடத்தில் எது நீங்கள் பார்த்தது, எது சொல்லக் கேட்டது என்பதைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.