தாத்தாவும் பேரனும் ஒரே ஆளா?

இரண்டு லிஸ்ட்டைச் சேர்த்து, டூப்ளிகேட்டை நீக்க வேண்டும். ஜாவா படிக்கும் பையன்களுக்கு ஆரம்பப் பாடம். 'ஹேஷ்செட்' என்று ஒரு பை இருக்கிறது. இரண்டையும் அதில் கொட்டினால் ஒரே மாதிரியானவற்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும். எது 'ஒரே மாதிரி' என்பதை மட்டும் நாம் சொல்லித் தர வேண்டும். பேரைப் பார், அப்பா பேரைப் பார் என்று 'ஈக்வல்ஸ்', 'ஹேஷ்கோட்' இரண்டையும் எழுதித் தர வேண்டும்.

அங்கேதான் வம்பு. இரண்டு பேரை ஒருவர் என்று சொல்ல எத்தனை பொருத்தம் போதும்? எல்லாக் குணமும் ஒத்துப்போனால்தான் இரண்டும் ஒன்று என்றார் லைப்னிட்ஸ். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம். சர்க்கார் பட்டியலுக்கு மூன்று, நான்கு.

ஏற்காடு மலையில் தலைச்சோலை மாதிரி ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். 'பேரன்' என்பதே 'பெயரன்'தான். தாத்தா பேரை வைத்துக்கொண்டவன். ஒரு சின்னானுக்கு வெள்ளையன் பிறக்கிறார். அவர் தன் மகனுக்கு சின்னான் என்று வைக்கிறார். அந்தச் சின்னான் தன் மகனுக்கு வெள்ளையன் என்று வைக்கிறார். இப்போது தாத்தாவும் பேரனும் 'வெள்ளையன், த/பெ சின்னான்'. வீடும் ஒன்றே. பாசத்தில் வைத்த பேர், லிஸ்ட்டில் டூப்ளிகேட். வயசு தப்பாக டைப் ஆகியிருந்தால் போச்சு.

நேர்மாறும் உண்டு. வெவ்வேறு மாநிலங்களில் இரண்டு பேருக்கு ஒரே வாக்காளர் அட்டை எண் இருந்ததை 2025 மார்ச்சில் தேர்தல் ஆணையமே விளக்க வேண்டியிருந்தது. எண் ஒன்று, ஆள் இரண்டு.

அதற்காக நீக்கவே கூடாதா? அப்படியில்லை. ஒருத்தருக்கு இரண்டு ஓட்டு என்றால் மற்றவர் ஓட்டுக்கு மதிப்பு பாதி. 2025 டிசம்பர் 19-ல் வெளியான தமிழக வரைவுப் பட்டியலில் இரட்டைப் பதிவு என்று நீக்கப்பட்டவை மட்டும் சுமார் 3.4 லட்சம்.

ஆனால் இரண்டு தவறும் சமமில்லை. கூடுதலாக ஒரு பேர் தங்கிவிட்டால் வாக்குச்சாவடியில் அடையாள அட்டை, விரல் மை என்று இன்னும் இரண்டு காவல் இருக்கிறது. பேர் போனவருக்கு அங்கே ஒரு காவலும் இல்லை. மலைப்பாதையில் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 22-ம் பிரிவில், குடிமாறிப் போனார், தகுதியில்லை என்று பேரை நீக்குமுன் அவரைக் கேட்கச் சொல்கிறது. இறந்துவிட்டார் என்றால் மட்டும் கேட்க வேண்டாம். நியாயம்தான், செத்தவரை எப்படிக் கேட்பது? தாத்தா போய்ச் சேர்ந்து, அவருக்குப் பதில் பேரன் பேரை அடித்துவிட்டால்? உயிரோடு இருப்பவனைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஹேஷ்செட் இரண்டாவதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். ஒரு எரர் மெசேஜ்கூட வராது. ஜாவாவில் அது சௌகரியம். மனுஷனுக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான். 'இது மாதிரி இருக்கு' என்பது வரை கம்ப்யூட்டர் சொல்லட்டும். 'இதுதான்' என்று சொல்வதற்கு முன்னால் ஒருத்தர் மலையேறிப் போய், வாசலில் நின்று, "வெள்ளையன் யாருங்க?" என்று கேட்க வேண்டும்.

இரண்டு பேர் எட்டிப் பார்த்தால், இரண்டு பேர்.